கதையில் நான் சேர்த்த காரணம்

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை ஐந்தரைக்குத்தான் நின்றிருந்தது. வானம் வெளுக்கவில்லை. சிங்காநல்லூர்க் குளத்துப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்துகொண்டிருந்தது. குடை எடுப்பதா வேண்டாமா என்று வாசலில் நின்று யோசித்துவிட்டு எடுத்துக்கொண்டே போனேன். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது தெருவில் என் நண்பன் வீடு. கேட்டைத் திறந்ததும் அவன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான்.

"வாங்க, உட்காருங்க" என்றான்.

என் கையிலிருந்த குடை கீழே விழுந்துவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எங்கள் பக்கத்தில் 'ங்க' சேர்க்காமல் வாயைத் திறக்க மாட்டோம். பால்காரருக்கும் கண்டக்டருக்கும் 'ங்க' உண்டு. பள்ளிக்கூடம் போகும் பேத்தியைக்கூட 'சாப்பிட்டீங்களா கண்ணு' என்றுதான் கேட்போம். அதை விட்டுப் பேசுகிற அளவுக்கு நெருக்கம் ஒரு மனிதனுக்கு வாழ்நாளில் ஐந்தாறு பேரிடம்தான் அமையும். எனக்கு ஐந்து பேர் இருந்தார்கள். நான்கு பேர் போய்விட்டார்கள். மிச்சம் இவன் ஒருவன். ஐம்பத்தோரு வருஷமாக, "வாடா, போய்ச் சேந்துட்டயோன்னு நெனச்சேன்" என்றுதான் என்னை உள்ளே கூப்பிடுவான். நான் "உன்னை அனுப்பிப்போட்டுத்தான் போவேன்" என்பேன். அப்புறம் காபி வரும்.

அந்தக் காலையில் வந்தது 'வாங்க'. முன்பின் தெரியாதவனிடம் 'ங்க' போடாவிட்டால் எங்கள் ஊரில் சண்டை வரும். நெருங்கியவனிடம் 'ங்க' போட்டால், சண்டை ஏற்கெனவே முடிந்து தீர்ப்பும் எழுதியாகிவிட்டது என்று அர்த்தம்.

என்ன நடந்தது என்று சொல்ல நான்கு மாதம் பின்னால் போகவேண்டும்.

எனக்கு வயது எழுபத்தாறு. பீளமேட்டில் ஒரு பஞ்சாலையில் ஸ்டோர் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவன். போல்ட், நட்டு, பெல்ட், பேரிங் என்று எண்ணியே காலம் போயிற்று. மனைவி இறந்தபிறகு எண்ணுவதற்கு மாத்திரைகள் மட்டும்தான் மிஞ்சின, நாளைக்கு ஏழு. அந்த நேரத்தில், பீளமேட்டில் ஞாயிறுதோறும் சிறுகதை எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று ஒரு நோட்டீஸ் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு இரண்டாயிரத்து நானூறு ரூபாய். அதிகம் என்று இரண்டு நாள் புலம்பிவிட்டுக் கட்டினேன்.

கற்றுக்கொடுத்தவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். இங்கே ஒரு கல்லூரியில் வேலை. முப்பது வயதுக்குச் சற்று மேல் இருக்கலாம். கூர்மையானவர். நாங்கள் மாணவர்கள் பதினோரு பேர், நான்தான் மூத்தவன்.

என் முதல் கதை இது. கூட்டாக மோட்டார் பம்ப் பட்டறை நடத்தும் இரண்டு பேர். இருபது வருஷம் 'வாடா போடா' என்று பழகியவர்கள். ஒருநாள் காலையில் ஒருவன் மற்றவனிடம், "வாங்க, சாவியை வாங்கிக்குங்க" என்கிறான். அவன் "சரிங்க" என்று வாங்கிக்கொள்கிறான். கதை அவ்வளவுதான். பெரிய சண்டை ஒன்றை எழுதிவிட்டதாக நினைத்து, வாசித்து முடித்து நிமிர்ந்து பார்த்தேன்.

டீச்சர் பேனாவால் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். "சார், ரெண்டு பேரும் இவ்வளவு மரியாதையாப் பேசுதாங்க. சண்டை எங்க இருக்கு?"

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், "ஏனுங்க டீச்சர், அந்த 'வாங்க'லயே அடி விழுந்துபோச்சுங்களே!" என்றார்.

ஆறு பேர் சிரித்தார்கள். சிரிக்காத நான்கு பேரும் வேறு ஜில்லாக்காரர்கள்.

டீச்சரும் சிரித்தார். ஆனால் விடவில்லை. "உங்க ஊருக்கு அடி கேட்டுது சார். எனக்குக் கேக்கலையே. ஒருத்தருக்கு ஒண்ணு வேணும், இன்னொருத்தரால அதைக் குடுக்க முடியல, அங்கதான் மோதல் பொறக்கும். இவர் ஏன் சாவியக் குடுத்தார்? காரணம் எழுதிட்டு வாங்க."

"காரணம் எனக்கே தெரியாதுங்களே" என்றேன்.

"உங்க கதைதான சார்? உண்டாக்குங்க."

அவர் சொன்னது நியாயம்தான் என்று இன்றும் நினைக்கிறேன். கதைக்குள் இருக்கும் இரண்டு பேரை மோதவிட ஒரு காரணம் வேண்டும். அதைத் தேடி இரண்டு வாரம் அலைந்தேன். முதலில் கல்லாப்பணத்தில் கைவைத்ததாக எழுதினேன். "எல்லாரும் எழுதுறது" என்றார் டீச்சர். அடுத்து இடத்தகராறு. "இது வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கு." மூன்றாவதாகத்தான் பேட்டர்ன் வந்தது.

பேட்டர்ன் என்றால் வார்ப்புக்கு மணலில் அச்சு பதிக்க மரத்தில் செய்யும் மாதிரி. பம்புக்குள் தண்ணீரைத் தள்ளுகிற சக்கரத்தின் வளைவு ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மாதிரி இருக்கும். அந்த வளைவில்தான் அந்தப் பம்பின் பேரே இருக்கிறது. மில்லுக்கு உடைந்த சாமான் வார்க்க நான் பவுண்டரிகளுக்குப் போனபோது, சுவரில் நம்பர் போட்டு மாட்டியிருந்த பேட்டர்ன்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே கதையில் ஒரு கூட்டாளி, வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு நெருக்கியதால், பேட்டர்னை இரண்டு ராத்திரிக்கு வேறொரு பட்டறைக்கு இரவல் கொடுக்கிறான். மூன்று மாதத்தில் அதே பம்ப் குறைந்த விலைக்குச் சந்தைக்கு வருகிறது. சாவி கைமாறுகிறது. டீச்சர் கேட்டபடி ஒரு கூச்சலும் சேர்த்தேன். கடைசியில் வெகு நாள் கழித்து இருவரும் ஒரு கல்யாண மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்கிறார்கள்.

"இப்பத்தான் சார் கதை!" என்றார் டீச்சர். ஸ்பேர் பார்ட்ஸ்காரர் மட்டும், "முன்னாடி இருந்ததுதானுங்க எனக்கு வலிச்சுது" என்றார். அவர் பேச்சை யார் கேட்டார்கள்?

ஒரு சிறுபத்திரிகை கதையை எடுத்துக்கொண்டது. சந்தா கட்டினால் நல்லது என்றார்கள். ஐநூறு ரூபாய் கட்டினேன். எனக்கு இரண்டு பிரதி வந்தது. ஒன்றில், 'என் ஒரே நண்பனுக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வியாழக்கிழமை சாயங்காலம் நானே கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தேன்.

"கதையெல்லாம் எழுதறயா? ஸ்டோர்ல ஆணி எண்ணினவன்டா நீ!" என்று சிரித்தான். "எத்தனை பக்கம்?"

"ஏழரை."

"அரைப் பக்கத்தை என்னத்துக்குடா விட்டே? காசு மிச்சமா?"

அவன் என்னை 'டா' போட்டது அன்றைக்குத்தான் கடைசி. ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவன் படித்து முடித்திருந்தான்.

குடையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவன் உட்காரவில்லை.

"யார் சொன்னாங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றான்.

"என்னத்தைடா?"

"கதையில எழுதியிருக்கீங்களே, அதை."

"யாரும் சொல்லலை. நானா உண்டாக்கினது."

"சரிங்க" என்றான். உள்ளே போய்விட்டான். காபி வந்தது. பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அவன் மனைவி என்னைக் கேட்வரை கொண்டுவந்து விட்டாள். என்னை 'அண்ணா' என்று கூப்பிடுகிறவள். திரும்பி வீட்டைப் பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் பேசினாள். "ஏனுங்ணா, இது உங்களுக்கு எப்படித் தெரியும்? அது நெசமாலுமே நடந்ததுங்ணா."

மழைநீர் கேட் கம்பியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

என் நண்பன் முன்பு ஒரு கூட்டாளியோடு பம்ப் பட்டறை வைத்திருந்ததும், முப்பது வருஷத்துக்கு முன் பிரிந்ததும் எனக்குத் தெரியும். ஏன் பிரிந்தார்கள் என்று அவன் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கோயமுத்தூரில் சேர்ந்து பிரிந்த பட்டறைகள் எத்தனையோ. நடந்தது இதுதான்: என் நண்பனுடைய மகளுக்கு அப்போது இதயத்தில் கோளாறு. இவன் பேட்டர்னை இரண்டு ராத்திரிக்கு வெளியே கொடுத்துப் பணம் வாங்கியிருக்கிறான். பட்டறை படுத்துவிட்டது. கூட்டாளி கண்டுபிடித்துவிட்டார். ஆனால் கத்தவில்லை. "இது நம்ம ரெண்டு பேரோட போகட்டுங்க" என்று சாவியை நீட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு ஊரில் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. போன வருஷம் அவர் இறந்தார். இவன் போய்ப் பாடைக்குத் தோள் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

"வந்து உட்கார்ந்தவரு, 'அவன் யாருகிட்டயும் சொல்லாமயே போயிட்டான் புள்ள, என்னை மன்னிச்சுப்போட்டுத்தான் போயிருக்கான்'னு அழுதாருங்ணா. அன்னையிலிருந்துதான் மனுசன் நல்லாத் தூங்கினாரு. இப்ப உங்க புஸ்தகத்தைப் படிச்சுப்போட்டு, 'அவன் சொல்லிட்டுத்தான் செத்திருக்கான். மன்னிக்கவே இல்லை'ங்கறாரு. நீ சொன்னயான்னு என்னையும் கேட்டாரு. நான் சொல்லவே இல்லைன்னு சூலம் மேல அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டேன். மூணு நாளாச் சரியா சாப்பாடு இல்லைங்ணா."

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு முதலில் வந்தது வருத்தமில்லை, கோபம். ஐம்பத்தோரு வருஷத்தில் இதை என்னிடம் அவன் சொல்லவில்லையே! மூன்றாவது தெருவில் அந்தக் கோபமும் அடங்கிவிட்டது. அவன் சொல்லாததில் ஆச்சரியம் ஏதுமில்லை. எனக்கு எதையும் எண்ணிப் பார்க்கிற புத்தி. சொல்லியிருந்தால் நான் அவன் தப்பையும் எண்ணி வைத்திருப்பேன்.

இன்னும் யார் யார் படித்தார்களோ என்று அவன் கேட்பதாக அவள் சொல்லியிருந்தாள். மறுநாள், பத்திரிகை விற்கிற இரண்டு கடைகளுக்கும் போய், இருந்த பதினான்கு பிரதிகளையும் வாங்கினேன். ஒன்று ஐம்பது ரூபாய். "உங்க கதைங்களா? சொந்தக்காரங்களுக்கெல்லாம் குடுக்கறீங்களாக்கும்" என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன். சந்தாதாரர்கள் கைக்குப் போனதை என்ன செய்ய? பதினான்கையும் கட்டிப் பரண்மேல் போட்டேன்.

கற்பனையைக் கற்பனை என்று நிரூபிப்பது எப்படி? பொய் சொன்னவனைப் பிடிக்கலாம். உண்மை சொல்கிறவனுக்குச் சாட்சி கொண்டுவரலாம். இல்லாததை எழுதினேன், அது இருந்துதொலைந்தது என்பவனுக்கு யார் சாட்சி? யோசித்துப் பார்த்ததில் டீச்சர் ஒருவர்தான் தோன்றினார். அந்தக் காரணம் பிறந்ததை உடனிருந்து பார்த்தவர் அவர். பெயர் விவரம் சொல்லாமல், நண்பன் தப்பாக எடுத்துக்கொண்டான் என்று மட்டும் சொல்லிக் கூப்பிட்டேன். வந்தார், பாவம். பீளமேட்டிலிருந்து டாக்ஸி வைத்து, காத்திருக்கச் சொல்லி, திரும்பக் கொண்டுபோய் விட்டதில் நானூற்று அறுபது ரூபாய் ஆயிற்று.

அவன் டீச்சருக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். ஊர் எது, வேலை எங்கே, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்றெல்லாம் விசாரித்தான். அப்படி ஒரு மரியாதை. டீச்சர் பொறுமையாகச் சொன்னார்: "ஐயா, சார் முதல்ல எழுதினதுல காரணமே கிடையாது. நான்தான் கேட்டேன். மூணு தடவ மாத்தி மாத்தி எழுதினார். இது அவர் மனசுலேருந்து வந்த கற்பனை."

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லுவனுங்களா கண்ணு" என்றான் அவன். "படிச்ச புள்ளைங்க நீங்க. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். பட்டறை உடையறதுக்குக் காரணமா இல்லை? குடி, சீட்டு, பொம்பளை, அண்ணன் தம்பி, கடன், ஜாதகம்... இத்தனையும் இருக்க, இவரு பேட்டர்னை எப்படிங்க எடுத்தாரு? அதுவும் ரெண்டு ராத்திரின்னு?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஏன் இரண்டு ராத்திரி? ஒன்று போதாது, மூன்று அதிகம் என்று எழுதும்போது தோன்றியது. அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் எனக்கே சந்தேகம் பிடித்தது. அந்தக் கூட்டாளியை நான் இரண்டு மூன்று தடவை சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறேன். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறோம். விலைவாசி பேசினோம் என்றுதான் ஞாபகம். ஏதாவது அரைவார்த்தை அவர் வாயிலிருந்து விழுந்து, நான் மறந்து, அதுதான் முப்பது வருஷம் கழித்து என் கற்பனை என்று வேஷம் போட்டு வந்ததா? சத்தியமாகத் தெரியவில்லை. ஸ்டோரில் ஒரு வாஷர் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். என் தலைக்குள் எது யார் கொடுத்தது, எது நான் செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

திரும்பும்போது டாக்ஸியில் டீச்சருக்கும் முகம் வாடியிருந்தது. ஹோப் காலேஜ் சிக்னலில் நின்றபோது, "முடிச்சை அவுக்க வெளியேருந்து ஆளக் கொண்டு வரக்கூடாது சார். கதைக்குள்ள ஏற்கெனவே ஒருத்தர் நின்னுட்டுதான் இருப்பார், நமக்குத்தான் கண்ணு தெரியாது" என்றார். உடனே, "நான் கதையச் சொல்லுதேன் சார். வாழ்க்கையச் சொல்லல" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கதைக்குள் யார் நிற்கிறார்? இரண்டு கூட்டாளிகள், வாங்கிக்கொண்டுபோன பட்டறைக்காரர், ஒரு பேட்டர்ன். பேட்டர்ன் தானாக முளைக்காது. அதை ஒருவர் இழைத்திருக்க வேண்டும். தான் இழைத்த வளைவு இன்னொரு கம்பெனிப் பம்பில் ஓடினால் அதை அடையாளம் கண்டுகொள்ளாத ஆசாரி உண்டா?

மறுவாரம் புதன்கிழமை காலை போனேன். தூறிக்கொண்டிருந்தது. "வாங்க" என்றான். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது. அவன் மனைவி கதவருகில் நின்றாள்.

"நான் சொன்னது பொய்" என்றேன். "நானா உண்டாக்கலை. கேள்விப்பட்டதுதான்."

அவன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். "அவன் சொன்னானா?"

"இல்லை. பேட்டர்ன் செஞ்ச ஆசாரி."

இதைச் சொல்லும்போது எனக்கு அந்த ஆசாரி யாரென்றே தெரியாது. உயரமா குட்டையா, இருக்கிறாரா இல்லையா, எதுவும் தெரியாது. மில்லுக்கு மரவேலைக்கு எத்தனையோ ஆசாரிகள் வருவார்கள். அதனால், "மில்லுல வேலைக்கு வந்தப்ப பேச்சோட பேச்சாச் சொன்னாரு" என்று மட்டும் சேர்த்தேன். அதற்குமேல் ஒரு கேள்வி கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

அவன் கேட்கவில்லை. மீதியை அவனே சொல்ல ஆரம்பித்தான்.

"ஆசாரியா... கறுப்பா, ஒல்லியா, ஒரு கண்ணு பூ விழுந்திருக்குமே?"

தலையசைத்தேன்.

"அவனேதான்!" என்றான். "பேட்டர்ன் திரும்பி வந்தப்ப ஓரத்துல ஒரு சில்லு பேந்திருந்துச்சு. அதை ஒட்டித்தரச் சொல்லி அவன்கிட்டத்தான் குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பாத்துப்போட்டு, 'இது வேற மண்ணுல உக்காந்திருக்குதுங்களே'ன்னான். எனக்கு அன்னைக்கே பக்குனு ஆச்சு. நாக்கை அடக்கத் தெரியாத பய. தண்ணியப் போட்டுப்போட்டு எங்கெங்க சொல்லித் திரிஞ்சானோ..." மனைவி பக்கம் திரும்பினான். "கேட்டயா புள்ள? அவன் சொல்லலை. ஆசாரிதான். அவன் சொல்லவே இல்லை."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஒரு பெரிய மூச்சு விட்டான். பத்து நாளாக அவன் தோளில் உட்கார்ந்திருந்தது இறங்குவதை என் கண்ணால் பார்த்தேன்.

அந்த ஆசாரி எவ்வளவோ வருஷத்துக்கு முன்பே இறந்துவிட்டாராம். பேட்டர்னைப் பார்த்ததையும் தெரிந்துகொண்டதையும் தன்னோடே வைத்துக்கொண்டு போனவர் ஒருவேளை அவரும்தான். அவர்மேல் நாக்கை அடக்கத் தெரியாதவர் என்ற பழியைப் போட்டவன் நான். மறுக்க ஆள் இல்லை. டீச்சரிடம் சொன்னால் இது நல்ல முடிவு என்பார். கட்டு அவிழ்ந்தது, வெளியாள் வரவில்லை, படிப்பவர் நம்பினார்.

அப்புறம் அவன் என்னைப் பார்த்தான். அதற்கு நான் தயாராக இருந்திருக்க வேண்டும். முன்கூட்டியே எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிற நான் இதற்கு மட்டும் கவலைப்பட்டிருக்கவில்லை.

"அப்ப உங்களுக்கு முப்பது வருசமாத் தெரியும்" என்றான்.

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே வாரந் தவறாம வந்து என்ற ஊட்டுல காபி குடிச்சீங்க."

"ஆமா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. அவன் செத்து வருசம் திரும்பறதுக்குள்ள புஸ்தகத்துல போட்டீங்க. அதையும் கையெழுத்துப் போட்டு எனக்கே கொண்டாந்து குடுத்தீங்க."

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் ஆசாரி போய்விடுவார். ஆசாரி போனால் செத்துப்போன கூட்டாளியின் மன்னிப்பும் போய்விடும். "ஆமா" என்றேன்.

"இனிமே இங்க வரவேண்டாங்க" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து நின்று, கேட்டின் கொக்கியை அவனே எடுத்துவிட்டான்.

அவன் மனைவி பிறகு ஒருநாள் மளிகைக் கடையில் பார்த்தபோது, அவன் சாப்பிடுகிறான், தூங்குகிறான் என்று சொன்னாள். கூட்டாளியின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறானாம். "நீங்க ஒரு தடவை வந்து பேசிப் பாருங்ணா" என்றாள். வாரேன் அம்மணி என்றேன். போகவில்லை. போனால் என்ன பேசுவது? எந்தப் பக்கம் போனாலும் ஒன்று உடையும்.

அந்த வகுப்புக்கு நான் திரும்பப் போகவில்லை. கட்டின பணம் திரும்பாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். வகுப்புக் கட்டணம், சந்தா, பரணில் கிடக்கும் பதினான்கு பிரதி, டாக்ஸி, எல்லாம் சேர்த்து நாலாயிரத்து அறுபது ரூபாய்.